செகண்ட் ஹேண்ட் வாக்யூம் பம்ப்பை வீட்டில் செய்த சேம்பருடன் இணைப்பது எப்படி? எங்கே தவறு நடக்கிறது?

ஏசி சர்வீஸுக்கு ஓடிய ஒரு பழைய வாக்யூம் பம்ப், ஒரு ஹோஸ், தடிமனான எவர்சில்வர் பாத்திரம், மேலே அக்ரிலிக் மூடி. ரெசினில் இருக்கும் காற்றுக் குமிழ்களை எடுக்கவோ, அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிப்பதைப் பார்க்கவோ பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஸ்விட்ச் போட்டாச்சு, மோட்டார் ஓடுகிறது. எதிர்பார்த்த வெற்றிடம் மட்டும் வரவில்லை. 'பழைய பம்ப்பை வாங்கி ஏமாந்துட்டோமோ' என்று தோன்றும். ஆனால் பல நேரங்களில் கோளாறு பம்ப்பில் இல்லை, இணைப்பில்தான் இருக்கிறது.

பம்ப் உண்மையில் என்ன செய்கிறது?

பம்ப் காற்றை 'இழுக்கிறது' என்று நாம் சொல்கிறோம். உண்மையில், தன் வாய்க்குள் தானாக வந்து விழும் காற்றை மட்டுமே அது பிடித்து வெளியே தள்ளுகிறது. மற்றபடி தள்ளுவதெல்லாம் வெளிக்காற்றுதான். கடல் மட்டத்தில் அதன் அழுத்தம் சுமார் 1013 மில்லிபார். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. சேம்பர் உடைவது, எண்ணெய் உள்ளே ஏறுவது, கசிவு என எல்லாப் பிரச்னைக்கும் இதுதான் அடிப்படை.

எந்தப் பாத்திரம் தாங்கும்?

30 செ.மீ. விட்டமுள்ள மூடியின் மேல் 700 கிலோவுக்கு மேல் சுமை விழும். ஒரு சின்ன காரை அதன் மேல் நிறுத்தியது மாதிரி. அந்த அளவுக்கு அக்ரிலிக் மூடி என்றால் குறைந்தது 20 மி.மீ. தடிமன் வேண்டும். அதை ஸ்பிரிட், அசிட்டோன் கொண்டு துடைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழும்.

ஊறுகாய் ஜாடி, ஹார்லிக்ஸ் பாட்டில் போன்றவை வேண்டவே வேண்டாம். கண்ணாடி உள்நோக்கி நொறுங்கினாலும் சில்லுகள் வெளியே பறக்கும். 'குக்கர் அழுத்தம் தாங்குமே' என்று நினைக்கலாம். அது உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. உள்மூடி குக்கரில் நீராவிதான் மூடியை விளிம்போடு அழுத்திப் பிடிக்கிறது. வெற்றிடத்தில் அதே மூடி கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, காற்று உள்ளே வந்துவிடும். எந்தச் சேம்பராக இருந்தாலும் கண்ணாடி போடாமல் அருகில் போகாதீர்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கறுத்திருந்தால் பல நாள் மாற்றவில்லை. பம்ப்பைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, எண்ணெயை வடித்து, வாக்யூம் பம்ப்புக்கான எண்ணெயை ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் உதவாது. மோட்டாருக்கு எர்த் இணைப்பு இருக்கிறதா என்றும் சோதியுங்கள்.

ஆய்வகத்தில் இருந்து வந்த பம்ப் என்றால், முன்பு என்ன வாயு அதில் போனது என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் விட்டுவிடுவது நல்லது. சாதாரண எண்ணெய் உள்ள பம்ப்பில் தூய ஆக்ஸிஜனைச் செலுத்தினால் வெடிக்கும் ஆபத்து உண்டு.

ஹோஸில் என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. '3 சிஎஃப்எம்' என்று போட்டிருக்கும் பம்ப், நொடிக்குச் சுமார் 1.4 லிட்டர் காற்றை வெளியேற்றும். ஆனால் அழுத்தம் 0.01 மில்லிபார் அருகே இறங்கியதும், 6 மி.மீ. உள்விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள ஹோஸ் வழியாக நொடிக்கு 0.03 லிட்டர்தான் போக முடியும். மூலக்கூறுகள் சுவரில் முட்டி முட்டித் தானாகத்தான் பம்ப் வரை வரவேண்டும். எவ்வளவு பெரிய பம்ப் வைத்தாலும் இது மாறாது. அதே நீளத்துக்கு 25 மி.மீ. குழாய் போட்டால் அளவு 1.9 லிட்டராக ஏறும். அதனால் ஹோஸ் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கட்டும். உள்ளே கம்பிச்சுருள் இல்லாத ஹோஸ் சப்பிப்போகலாம்.

முள் முழுசா இறங்கலையே?

டயல் கேஜ் காட்டுவது வெளி அழுத்தத்துக்கும் உள் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. கடலோரச் சென்னையில் அது 29.9 அங்குலம் வரை போகலாம். சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவில் வெளி அழுத்தமே ஏறக்குறைய 910 மில்லிபார்தான்; அங்கே 27 அங்குலத்தில் முள் நின்றால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் கீழே அளக்க, ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் டிஜிட்டல் மைக்ரான் கேஜ் தேவை. முதலில் அதைப் பம்ப்பின் வாயிலேயே நேரடியாக மாட்டிப் பாருங்கள். அங்கே ரீடிங் நன்றாக இருந்து, சேம்பரில் மோசமாக இருந்தால் பம்ப் நிரபராதி.

அடுத்து, சேம்பரை வால்வால் மூடிவிட்டு ரீடிங்கைக் கவனியுங்கள். அழுத்தம் ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டே போனால் கசிவு. ஏறி, மெதுவாகி, ஓர் இடத்தில் நின்றால் உள்ளே ஈரம் அல்லது பிளாஸ்டிக்கில் இருந்து வெளிவரும் வாயு. முதலாவதற்கு ஓ-ரிங்கையும் இணைப்புகளையும் பாருங்கள். இரண்டாவதற்குத் துடைத்து உலர்த்தி, இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள்.

நிறுத்துவதற்கும் ஒரு வரிசை உண்டா?

உண்டு. சேம்பரில் வெற்றிடம் இருக்கும்போது பம்ப்பை அப்படியே ஆஃப் செய்தால், வெளிக்காற்று எண்ணெயைத் தள்ளிக்கொண்டு ஹோஸ் வழியாகச் சேம்பருக்கே கொண்டுவரலாம். பழைய பம்ப்பில் இதைத் தடுக்கும் உள்வால்வை நம்ப முடியாது. எனவே சேம்பர் வால்வை மூடுங்கள், பம்ப்பை நிறுத்துங்கள், உடனே பம்ப் பக்கம் காற்றை விடுங்கள். சேம்பருக்குள் காற்றைக் கடைசியில், மெதுவாக விடலாம். இதற்காக இரண்டு வால்வுகளும் ஒரு 'டீ' இணைப்பும் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும்.

பம்ப்பின் வாயில் முதல் நாள் கிடைத்த ரீடிங்கை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி பம்ப் மேலேயே ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வெற்றிடம் குறைந்தால், எண்ணெயை மாற்ற வேண்டுமா, ஓ-ரிங்கை மாற்ற வேண்டுமா என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்.