சுவரில் வைத்த வாயில்கள்

உள்ளே வாழ்வோர் நம்மவர், வெளியே நிற்போர் அயலார் என்று பிரித்துக் காட்டுவதற்காகவே அரசுகள் எல்லைச் சுவர்களை எழுப்பி வந்திருக்கின்றன. உரோமைப் பேரரசர் ஹேட்ரியனின் வாழ்க்கையை எழுதிய பழைய இலத்தீன் ஆசிரியரும், உரோமையரையும் நாகரிகமற்றோரையும் பிரிக்கவே அவர் எண்பது மைல் நீளச் சுவரைக் கட்டினார் என்கிறார். கி.பி. 122-ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்ற அச்சுவர், வட இங்கிலாந்தில் கிழக்கே டைன் ஆற்றங்கரை முதல் மேற்கே சால்வே கழிமுகம் வரை, ஏறத்தாழ 117 கிலோமீட்டர் தொலைவுக்கு நாட்டைக் குறுக்காக வெட்டி நின்றது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இன்றுள்ள எல்லை இதுவே எனப் பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் சுவர் முழுவதும் இங்கிலாந்துக்குள்ளேயே அமைந்துள்ளது.

சுவரின் நடுப்பகுதி கரும்பாறை முகடுகளின் மீது ஏறிச் செல்கிறது. வழிகாட்டி ஒருவரின் துணையோடு, ஸ்டீல் ரிக் என்னுமிடத்திலிருந்து ஹவுஸ்டெட்ஸ் கோட்டை வரை நாங்கள் ஒரு பகல் நடந்தோம். தொலைவு 5 கிலோமீட்டர் அளவே. ஆயினும் ஒரு முகட்டில் ஏறியதும் பள்ளத்தில் இறங்க வேண்டியிருக்கிறது. இறங்கியதும் அடுத்த முகடு எதிரே நிற்கிறது. வடபுறத்தில் செங்குத்தான பாறைச்சரிவு. அதன் அடியில் கிராக் லாக் என்னும் ஏரி. தென்புறத்தில் ஆடுகள் மேயும் புல்வெளி. அதற்கப்பால், இருபுறமும் மண்மேடு கொண்ட அகழி ஒன்று சுவருக்குத் துணையாக நீண்டு செல்கிறது.

சுவரைக் கட்டியவை மூன்று உரோமைப் படையணிகள். ஓர் உரோமை மைலுக்கு ஒரு சிறு கோட்டை, இரு சிறு கோட்டைகளுக்கு இடையே இரண்டு காவற்கோபுரங்கள் என்பது திட்டம். இத்திட்டம் எத்துணைப் பிடிவாதமாக நிறைவேற்றப்பட்டது என்பதை ஹவுஸ்டெட்ஸுக்கு மேற்கேயுள்ள சிறு கோட்டையில் கண்டோம். அதன் வடவாயிலின் வளைவுக் கற்களில் சில இன்னும் நிலைத்து நிற்கின்றன. வாயிலைக் கடந்தால் நிலம் செங்குத்தாகச் சரிந்து போகிறது. அவ்வழியே வண்டி போக முடியாது; ஆள் இறங்குவதே கடினம். எனினும் மைலுக்கு ஒரு வாயில் என்பது ஆணை. ஆகவே வாயில் வைத்தார்கள். பிற்காலத்தில் அது குறுக்கப்பட்டது.

சிரிப்புக்கு இடமான இச்செய்தியில் சிந்தனைக்கும் இடமுண்டு. வாயில்கள் இத்தனை இருந்தமையால், இச்சுவர் எவரையும் விடாது தடுக்க எழுந்ததன்று; போவோர் வருவோரைக் கண்காணிக்க எழுந்தது எனலாம். ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குச் சற்றுக் கிழக்கே, ஓடையொன்றின் அருகில், சுவரை ஊடுருவும் தனிவாயில் ஒன்றும் பின்னர் அமைக்கப்பட்டது.

காவல் காத்தோர் யாவர்? ஹவுஸ்டெட்ஸில் இருந்தோர் இன்றைய பெல்சியப் பகுதியைச் சேர்ந்த துங்கிரியர். மேற்கே கார்வோரன் கோட்டையில் சிரியா நாட்டு வில்வீரர் இருந்தனர். உரோமையரை அயலாரிடமிருந்து காத்த கைகள் பெரும்பாலும் அயலாருடைய கைகளே!

சுவருக்குத் தெற்கே, அதற்கு முன்பே எழுந்த விண்டோலாண்டா கோட்டையில், 1973-ஆம் ஆண்டு முதல் மெல்லிய மரப்பட்டிகைகள் பல மண்ணிலிருந்து எடுக்கப்பட்டன. மையினால் எழுதிய மடல்கள் அவை. கி.பி. 100-ஆம் ஆண்டையொட்டி, கிளவுதியா செவேரா என்னும் பெண்மணி தம் பிறந்த நாளுக்கு வருமாறு தோழி லெபிதினாவை அழைத்த மடல் அவற்றுள் ஒன்று. எழுத்தர் எழுதிய மடலின் அடியில் அன்புமொழி சில தம் கையாலேயே சேர்த்திருக்கிறார். வேறொரு பட்டிகையில் அந்நாட்டு மக்கள் இகழ்ச்சியான சொல்லால் குறிக்கப்படுகின்றனர். அன்பும் இகழ்ச்சியும் ஒரே கோட்டையின் மண்ணில் புதைந்து கிடந்தன.

இகழப்பட்டோர் மடல் எழுதி வைக்கவில்லை. சுவரின் கிழக்குப் பகுதியில் நடந்த அகழாய்வுகளில், சுவரின் அடியிலேயே ஏர் உழுத தடங்கள் தென்பட்டன. யாரோ ஓர் உழவனின் வயல்மேல் பேரரசின் எல்லை விழுந்தது. அவன் பெயர் நமக்குத் தெரியாது. அவன் கீறிய கோடுகள் மட்டும் எஞ்சியுள்ளன.

ஆனால் பெயரோடு நினைக்கத்தக்க ஒருத்தி உண்டு. கிழக்குக் கடற்கரையில், சவுத் ஷீல்ட்ஸ் ஊரின் உரோமைக் கோட்டை அருங்காட்சியகத்தில், ரெஜினா என்பவளின் கல்லறைக்கல் உள்ளது. அவள் தென்பிரித்தானியக் குலத்தில் பிறந்தவள், அடிமையாயிருந்தவள். சிரியாவின் பல்மைரா நகரைச் சேர்ந்த பராத்தெஸ் அவளை விடுவித்து மணந்தான். முப்பது வயதில் அவள் இறந்தாள். கல்லில் இலத்தீன் வரிகளைப் பொறித்தபின், அடியில் தன் தாய்நாட்டு எழுத்திலும் அவன் புலம்பலைப் பொறிக்கச் செய்தான். அங்கே அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தோர் எத்தனை பேர் இருந்திருப்பர்? துயரம் தாய்மொழியைத்தான் தேடுகிறது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமை ஆட்சி அத்தீவை விட்டு நீங்கிற்று. சுவர் கற்சுரங்கமாயிற்று. 1745-இல் நிகழ்ந்த கிளர்ச்சிக்குப் பின் படைகள் செல்லச் சாலை அமைத்தபோது, கிழக்குப் பகுதியில் சுவரையே இடித்துப் பரப்பினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் கிளேட்டன் என்னும் வழக்கறிஞர் சுவரையொட்டிய நிலங்களை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கிக் காத்திராவிடில், எஞ்சியதும் மறைந்திருக்கும். நாங்கள் கண்ட சுவரின் பெரும்பகுதி, விழுந்த கற்களைக்கொண்டு அவருடைய ஆட்கள் மீண்டும் அடுக்கியதே.

அப்பகுதியின் உரோமைக் கற்கள் அடைந்த முடிவுகளுள் ஒன்று தனித்து நினைக்கத்தக்கது. கி.பி. 674-ஆம் ஆண்டளவில் புனித வில்ஃப்ரிட் ஹெக்சமில் ஆலயம் எழுப்பியபோது, உரோமையர் செதுக்கிய கற்களை எடுத்து அதன் நிலவறையைக் கட்டுவித்தார். அவ்வறை இன்றும் உள்ளது. அதிலுள்ள கல்லொன்றில் பேரரசர் செவேருஸ், அவர் மைந்தர் ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. இளைய மைந்தன் கேத்தாவை 211-இல் உடன்பிறந்த அண்ணனே கொல்வித்தான். அவன் பெயரையும் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி அகற்ற ஆணையிட்டான். ஹெக்சம் கல்லிலும் அப்பெயர் அழிக்கப்பட்ட வடு தெரிகிறது.

அயலாரைத் தொலைவில் நிறுத்த வாழ்நாளெல்லாம் படை நடத்திய குடும்பத்தின் அழிவு, அயலாரால் வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. சுவர் எழுப்ப எண்ணும் எந்தத் தலைமுறையும் அந்தக் கல்லை ஒருமுறை பார்த்து வருதல் நன்று.