ஏட்டில் இருப்பதும் நாவில் இருப்பதும்: கலஹா மலைச்சாரலின் ஒரு திருப்புகழ் மரபு

கலஹாவிலிருந்து தெல்தோட்டைக்குச் செல்லும் மலைப்பாதையைத் தேயிலையின் வரலாற்றோடு சேர்த்துப் பேசுவதே வழக்கம். ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டு லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டது இந்தப் பக்கத்தில்தான். அதற்கு ஓராண்டு முன்னர், 1866இல், தெல்தோட்டைப் பகுதியிலுள்ள போப்பிட்டியில் பிறந்தவர் அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர். 1918இல் அவர் மறைந்தபோது அச்சேறியவையும் ஏறாதவையுமாகப் பல நூல்கள் அவர் பெயரில் இருந்தன. கண்டிக் கலம்பகம், கண்டி நகர்ப் பதிகம் முதலியவற்றை நமது இலக்கிய வட்டத்தினர் அறிவர். அவற்றுள் சந்தத் திருப்புகழ் என்ற நூல் இங்கு நமது கவனத்துக்குரியது.

திருப்புகழ் என்றதும் அருணகிரிநாதரே நினைவுக்கு வருவார். 15ஆம் நூற்றாண்டில் முருகன்மீது அவர் பாடிய பாடல்களின் உயிர் சந்தம். குறிலும் நெடிலும், வல்லினமும் மெல்லினமும் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை முதலடியே வகுத்துவிடும். எஞ்சிய அடிகள் அந்த அச்சிலிருந்து விலகக் கூடாது. ஆகவே இது கண்ணால் படிக்கும் பாட்டல்ல. நாக்கும் செவியும் சேர்ந்து காக்கும் பாட்டு. இத்தகைய சந்தத்தை இன்னொருவர் கையாள முடியுமா என்ற ஐயத்துக்குக் காயல்பட்டினத்து வரகவி காசிம் புலவர் பதில் தந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது அவர் பாடிய திருப்புகழ் இஸ்லாமியத் தமிழிலக்கியத்தின் பெருமைகளுள் ஒன்று. அந்த வரிசையில் கண்டி மலைநாட்டிலிருந்து எழுந்த குரல் போப்பிட்டிப் புலவருடையது. யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர்கள் 'வித்துவ தீபம்' என்று அவருக்குப் பட்டமளித்துப் பாராட்டியதையும் நினைவிற் கொள்ளல் தகும்.

இதைச் சமயக் கலப்பு என்று சிலர் அஞ்சுகின்றனர். இரு சமயமும் ஒன்றே என்பதற்குச் சான்று என்று வேறு சிலர் மகிழ்கின்றனர். இரண்டும் சரியல்ல என்பது எனது கருத்து. முருகனைப் பாடிய சந்தத்தில் நபியைப் பாடிய புலவர்கள் தமது தௌஹீதை எங்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டது கொள்கையையன்று. தமிழ் தன் நாவில் சேர்த்து வைத்திருந்த ஓசையை. அந்த ஓசை எல்லோருக்கும் சொந்தம்.

நமது பேச்சு வழக்கிலேயே இதற்குச் சான்றுண்டு. நாம் குர்ஆனைப் 'படிப்பதில்லை', ஓதுகிறோம். மவ்லிதும் ஓதுகிறோம். தேவாரத்தை முறையாகப் பாடுபவருக்கும் ஓதுவார் என்றே பெயர். புனிதமான சொல்லை அதற்குரிய ஓசையோடு வெளிப்படுத்துவது வெறும் வாசிப்புமல்ல, வெறும் பாட்டுமல்ல என்பதை இரு சாராரும் ஒரே தமிழ்ச் சொல்லால் உணர்த்தினர். ஆனால் முறைகள் வேறு. தஜ்வீத் எழுத்துப் பிறக்கும் இடத்தையும் நீட்டலின் அளவையும் வரையறுக்கிறது. குரலின் ஏற்ற இறக்கத்துக்கு நிலையான விதி வைப்பதில்லை. வேதம் ஓதுவோருக்கோ எடுத்தல், படுத்தல் முதலிய சுரங்களும் விதிக்குட்பட்டவை. தேவாரத்துக்குப் பண் உண்டு.

ஆட்டத்திலும் தாளத்திலும் இத்தகைய ஒப்புமையும் வேற்றுமையும் உண்டு. மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் நடைபெறும் காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் ஆட, தப்பு முழங்கும். றிபாயி றாத்திபில் பாவாமார் தகரா கொட்டிப் பைத் பாடுவர். தப்பும் தகராவும் வட்டச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டியவை. ஒன்றைக் குச்சியால் அடிப்பர். மற்றதைக் கையால் தட்டுவர். ஒன்று தெய்வக் கதையை நடித்துக் காட்டுவது. மற்றது திக்ரோடு சேர்ந்தது. நோக்கம் வேறாயினும் தோலின் நாதத்தை நம்பியவை இரண்டும்.

இசை ஆகுமா ஆகாதா என்ற விவாதம் நம்மிடையே பழையது. இமாம் கஸ்ஸாலி (1058–1111) தமது இஹ்யாவில் ஸமாஉ பற்றித் தனிப்பகுதியே எழுதினார். அவரோடு உடன்படாத அறிஞர்களும் இருந்தனர். திருமணத்தில் தஃப் அடிப்பதற்கு ஹதீஸில் ஆதாரமுண்டு. இவ்விவாதத்தைத் தீர்த்துவைக்க இக்கட்டுரை முற்படவில்லை. ஆனால் விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே ஓதுபவர்கள் குறைந்துபோயினர் என்பது பல ஊர்களில் நாம் கண்ட உண்மை. மஜ்லிஸுகள் சுருங்கின. வாத்தியமே வேண்டாத தமிழ்ப் பைத்துகளும் மாலைகளும் முனாஜாத்துகளும்கூட அதனோடு ஒதுங்கின.

இங்கே சைவ மரபு சொல்லும் ஒரு வரலாறு நமக்குப் பாடமாகும். தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்களாம். ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. இறுதியில் திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிச் சென்று பண்ணை வகுத்துக்கொண்டார்கள். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பேரை நியமித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. ஏட்டை மட்டும் காப்பது போதாது, ஓதும் நாவையும் காக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இதை நமக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. குர்ஆன் ஏட்டில் எழுதப்பட்டிருந்தும், உஸ்தாதின் வாயிலிருந்து கேட்டுத் திருத்திக்கொண்டு ஓதுவதே நமது முறை. இறைவேதத்துக்கும் மனிதன் பாடிய பாட்டுக்கும் ஒப்பில்லை. ஆயினும் செவிவழிக் கல்வியின் அருமையை அறிந்த ஒரு சமூகம், தன் தமிழ்ப் பாடல்களை ஏட்டோடு விட்டுவிட்டது வருந்தத்தக்கது.

போப்பிட்டிப் புலவரின் சந்தத் திருப்புகழை அச்சில் தேடிப் பெறலாம். அதை அதற்குரிய சந்தத்தில் ஓதிக் காட்டக்கூடியவர் இன்று எத்தனை பேர்? கலஹாவிலும் தெல்தோட்டையிலும் கண்டியிலும் மூத்தவர்களின் வீடுகளைத் தேடிச் சென்று கேட்பதும், கேட்டதைப் பதிவு செய்வதும் பெரும் பணச்செலவுள்ள காரியமல்ல. கைத்தொலைபேசி இல்லாத வீடில்லை. காலம் மட்டுமே குறைவாக உள்ளது. பள்ளிக்கூடத் தமிழ்த் தினப் போட்டியில் ஒரு மாணவி அந்தத் திருப்புகழை ஓதக் கேட்டால், அதுவே புலவருக்கு நாம் எடுக்கும் நல்ல விழா.