சாயப் பட்டறை உணர்த்திய அபாயம்

மருத்துவமனை ஆய்வுக்கூடங்களில் ஒரு காலத்தில் பென்சிடீன் என்னும் தூள் அன்றாடம் புழங்கிற்று. அது நோயறிய உதவிய பொருள். நோய் தரும் பொருளும் அதுவே. அந்த உண்மை தெளிவான வரலாறு நாம் அறியத்தக்கது.

1856-இல் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர், மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொயினாவைச் செய்ய முயன்றார். கிடைத்ததோ ஊதாச் சாயம்! அதன்பின் நிலக்கரித் தாரிலிருந்து சாயம் எடுக்கும் தொழில் ஐரோப்பாவில் பெருகியது. ஜெர்மனி அதில் தலைமை பெற்றது.

1895-இல் பிராங்க்பர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், மெஜந்தாச் சாயத் தொழிலாளர் மூவருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி கண்டதை வெளியிட்டார். அவர் அனிலீனை ஐயுற்றார். உண்மைக் குற்றவாளிகள் பென்சிடீனும் அதன் உறவான நாப்தைலமீனும் என்பது பின்னரே விளங்கியது. 1921-இல் அனைத்துலகத் தொழில் அலுவலகமும் இவ்விரண்டையும் குறித்து எச்சரித்தது.

இதற்கிடையே 1904-இல் பென்சிடீன் மருத்துவத்தில் புகுந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்த்தால், கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் அது நீலநிறத்தால் காட்டிவிடும். மலத்தில் மறைந்த இரத்தத்தையும், குற்றம் நடந்த இடத்து இரத்தக் கறையையும் கண்டறிய அது பயன்பட்டது. தொழிற்சாலையில் அறியப்பட்ட தீங்கு, ஆய்வுக்கூட மேசையில் பல்லாண்டுகள் பொருட்படுத்தப்படவில்லை.

அதன் காரணத்தை உய்த்துணர்வது கடினமன்று. அத்தூள் தோல் வழியும் மூச்சு வழியும் உடலுள் செல்கிறது. ஈரலில் மாற்றமடைந்து சிறுநீரோடு கலந்து, சிறுநீர்ப்பையில் தங்கித் தீங்கு செய்கிறது. தோலில் எரிச்சலோ வலியோ கண்டால் எவரும் உடனே விலகுவர். இந்நோயோ பெரும்பாலும் 20 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். அதற்குள் பழைய புட்டியை யார் நினைக்கப் போகிறார்கள்?

1938-இல் ஹூப்பரும் அவருடைய துணைவர்களும் நாப்தைலமீனை நாய்களுக்குக் கொடுத்து, சிறுநீர்ப்பைப் புற்றை உண்டாக்கிக் காட்டினர். 1954-இல் கேஸ் என்பாரும் தோழர்களும் பிரிட்டனின் சாயத் தொழிலாளரின் மரணக் கணக்குகளை ஆராய்ந்து, பென்சிடீனின் ஆபத்தையும் உறுதி செய்தனர். பிரிட்டன் 1967-இல் தொழிற்சாலைகளில் அதன் பயன்பாட்டையும் இறக்குமதியையும் தடுத்தது. அமெரிக்கா 1974-இல் கடுங்கட்டுப்பாடு விதித்தது. பென்சிடீன் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்பது இன்று ஐயத்திற்கு இடமற்றது.

ரேனின் எச்சரிக்கைக்கும் பிரிட்டனின் தடைக்கும் இடையே 72 ஆண்டுகள். உடனே வலி தராத பொருள் தீங்கற்றது என்று எண்ணுவது பிழை. இன்று ஆய்வுக்கூடத்தில் கையுறை அணிவதும், நச்சாவியை வெளியேற்றும் கூண்டில் வேலை செய்வதும், தீங்கு குறைந்த மாற்றுப் பொருளைத் தேடுவதும் அந்த 72 ஆண்டுகள் கற்பித்த பாடமே.