இரண்டு தோல்விகளில் தெரிந்த விலை

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுபவர்தான் 'ரன்னிங் பேக்'. ஓயாத மோதலில் உடம்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு எவ்வளவு சம்பளம் தரலாம்?

1993-ல் இந்தக் கேள்வி டல்லாஸ் கௌபாய்ஸ் அணியை உலுக்கியது. 1991, 1992 இரண்டு பருவங்களிலும் அதிக தூரம் ஓடியவர் எம்மிட் ஸ்மித். அணியும் சாம்பியன். ஒப்பந்தம் முடிந்ததும் அவர் அதிகம் கேட்டார். உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் அசையவில்லை. ஸ்மித் விளையாட வரவில்லை. முதல் இரண்டு ஆட்டங்களிலும் அணி தோற்றது!

ஜோன்ஸ் இறங்கி வந்தார். நான்கு ஆண்டுகளுக்கு 1.36 கோடி டாலர். திரும்பிய ஸ்மித் 1,486 கெஜம் ஓடி மறுபடியும் முதலிடம் பிடித்தார். 1994 ஜனவரியில் கௌபாய்ஸ் மீண்டும் சூப்பர் பவுல் வென்றது.

உப்பின் அருமை உப்பில்லாவிட்டால்தானே தெரியும்?