மஞ்சள் பூக்கும் மரங்களும் நம் பள்ளி வளாகமும்



ஜொகூர் மாநிலத்தில் நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளியின் நுழைவாயிலருகே நின்ற முதிய மரமொன்று புயற்காற்றில் சாய்ந்தது. அவ்விடத்தில் மஞ்சள் நிறத்தில் பூக்கும் மரம் ஒன்றை நடலாம் எனப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முடிவாயிற்று. எந்த மரம் என்ற வினா எழுந்ததும் கூட்டம் நான்காகப் பிரிந்தது. இலக்கியம் போற்றும் கொன்றையே வேண்டும் என்றார் ஒருவர். விரைந்து நிழல் தரும் அங்சானா போதும் என்றார் இன்னொருவர். சாலையோரங்களில் தழைத்து நிற்கும் பெருங்கொன்றையை ஒரு தாயார் பரிந்துரைத்தார். பூசைக்கும் பயன்படும் பொன்னரளியை நடலாமே என்றார் மற்றொரு தாயார்.

மரம் நடுதல் ஒரு காலைப் பொழுதின் கூட்டுப்பணி. அதன் நிழலில் நிற்கப்போகிறவர்களோ இன்னும் பிறவாத மாணவர்கள். ஆகவே, இந்நான்கு மரங்களின் வரலாற்றையும் அறிந்து தேர்வதே முறை எனக் கருதி இக்கட்டுரையை வரைகிறேன்.

கொன்றை

நம் மாணவர்கள் மனனம் செய்யும் ஒளவையாரின் நீதிநூல் ஒன்றின் பெயரே கொன்றை வேந்தன். கொன்றை மலரைச் சூடிய சிவபெருமானைக் குறிக்கும் சொற்களில் அந்நூலின் காப்புச் செய்யுள் தொடங்குவதால் அப்பெயர் அமைந்தது. சங்க இலக்கியத்தில் கொன்றை முல்லைத் திணைக்கு உரிய மலர். கார்காலம் வந்ததை அறிவிக்கும் அடையாளமாகப் புலவர்கள் அதைக் காட்டினர். குறுந்தொகையின் 66ஆம் பாடலில், கொன்றை பூத்தும் தலைவன் வரவில்லையே எனத் தலைவி வருந்துகிறாள். இது கார்காலமே அன்று, காலமல்லாக் காலத்தில் பெய்த மழையைக் கண்டு அறிவில்லாத மரம் மயங்கிப் பூத்துவிட்டது எனத் தோழி அவளைத் தேற்றுகிறாள்.

சரங்களாகத் தொங்கும் மலர்களால் இதனைச் சரக்கொன்றை என்றும் அழைப்பர். கேரளத்தில் இது மாநில மலர். சித்திரை விசுவின்போது கண்ட கனியில் இடம்பெறுவதும் இதுவே. தாய்லாந்து 2001இல் இதனைத் தேசிய மலராக அறிவித்தது. அந்நாட்டினர் இதற்கு வழங்கும் பெயரின் பொருள் அரச மரபுக்குரிய மரம் என்பதாகும். வடமொழியில் இதற்குள்ள ராஜவிருட்சம் என்னும் பெயரும் அதே பொருளினது.

இவ்வளவு பெருமை உடைய மரத்திற்கு ஜொகூரில் ஒரு குறை உண்டு. தெளிவான வறட்சிக் காலம் ஒன்று கழிந்த பின்னரே கொன்றை இலையுதிர்த்து முழுமையாகப் பூக்கும். கெடாவிலும் பெர்லிசிலும் அத்தகைய வறட்சி அமைகிறது. ஜொகூரிலோ ஆண்டு முழுவதும் மழை. எனவே இங்குக் கொன்றை நன்கு வளரும், ஆனால் மரம் முழுவதும் பொன்னாகும் காட்சியை ஆண்டுதோறும் எதிர்பார்க்க இயலாது.

அங்சானா

அங்சானா என்ற பெயரைத் தாங்கிய வணிக வளாகத்தை ஜொகூர் பாருவில் அறியாதார் இலர். அம்மரம் சங்கப் புலவர்கள் பாடிய வேங்கையின் நெருங்கிய உறவு என்பதை அறிந்தவர் சிலரே. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பாறைமீது உதிர்ந்து கிடக்கும் வேங்கைப் பூக்கள் புலிக்குட்டிபோல் தோன்றும் எனக் குறுந்தொகை கூறும். அங்சானா பூத்த மறுநாள் காலை, நம் சாலைகளில் விரிந்து கிடக்கும் மஞ்சள் கம்பளத்தைக் கண்டவர்களுக்கு அவ்வுவமை எளிதில் விளங்கும்.

19ஆம் நூற்றாண்டில் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய நகரங்களின் தெருக்களுக்கு நிழல் தந்தது இம்மரமே. அந்நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலம் வரை ஒருவகை வாடல் நோய் பரவி, அவற்றுள் பெரும்பாலானவற்றை அழித்தது. பின்னர் 1960களின் இறுதியில், சிங்கப்பூரைத் தோட்ட நகராக்கும் முயற்சியில் அங்சானா மீண்டும் இடம்பெற்றது. இம்மரத்தின் பருத்த கிளையை வெட்டி நட்டாலே வேர்விடும். நட்ட சிறிது காலத்தில் மரமாகவே நிற்கும். ஆனால் 1980களில் அதே வாடல் நோய் திரும்பி வந்தது. மண்ணில் வாழும் பூஞ்சணமே காரணம் எனக் கண்டறியப்பட்டது. மின்னல் தாக்கிய மரங்கள் முதலில் நோயுற, அண்டை மரங்களுக்கும் அது பரவியது.

ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டால், ஒன்றுக்கு வந்த நோய் அனைத்துக்கும் வரும் என்பதை இவ்வரலாறு இரு முறை காட்டியது. மேலும், அங்சானா 30 மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய பேருருவ மரம். வகுப்பறைக் கூரைக்கு அருகில் அதற்கு இடமில்லை.

பெருங்கொன்றை

இயல்வாகை என்றும் இதனை வழங்குவர். மலாய்க்காரர்கள் ஜெமெர்லாங் என்பர். நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் பூங்கொத்துகளும், அவற்றின்பின் செப்பு நிறத்தில் அடர்ந்து தொங்கும் காய்களும் இதன் அடையாளம். இது எங்கிருந்தோ கொண்டுவரப்பட்ட மரமன்று. தென்கிழக்காசியக் கடற்கரைகள் முதல் ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இயல்பாக வளர்வது. மூன்று புறமும் கடல் சூழ்ந்த ஜொகூருக்கு இதனினும் பொருத்தமான மரம் அரிது.

ஜாவாவில் பாத்தேக் துணிகளுக்குப் பழுப்பு நிறம் ஏற்றுவதற்கு இம்மரத்தின் பட்டையைப் பயன்படுத்தினர். சோகா எனப்படும் அச்சாயம், செயற்கைச் சாயங்கள் வருவதற்கு முன் அத்தொழிலின் உயிர்நாடியாக விளங்கியது. சிங்கப்பூர்ப் பூமலையில் துணை இயக்குநராகப் பணியாற்றிய கார்னர் என்னும் ஆங்கிலேயர், மலாயாவின் வழியோர மரங்களைப் பற்றி 1940இல் இரு தொகுதிகளாக நூல் வெளியிட்டார். அப்பூமலை 1859இல் நிறுவப்பட்டது. 1877இல் அங்கு வந்து சேர்ந்த 22 இரப்பர் நாற்றுகளே நம் முன்னோர் வியர்வை சிந்திய இரப்பர்த் தோட்டங்களுக்கு வித்தாயின. வருவாய்க்கான மரமும் அழகுக்கான மரங்களும் ஒரே தோட்டத்தில் ஆராயப்பட்டன என்பது எண்ணத்தக்கது.

பொன்னரளி

இறுதியாக, அந்தத் தாயார் பரிந்துரைத்த மரம். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து, நம் கோயில் நந்தவனங்களில் நிலைபெற்றுவிட்ட மரம் இது. மஞ்சளரளி என்றும் கூறுவர். இறைவனுக்குச் சூட்டும் மலராயினும், இதன் எல்லாப் பகுதிகளும் நச்சுத்தன்மை உடையவை. விதையின் நஞ்சு இதயத் துடிப்பையே நிலைகுலையச் செய்யும். இலங்கையின் வடபகுதியில் 1980கள் தொட்டு இவ்விதையால் நேர்ந்த பாதிப்புகளை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. காயை உருட்டி விளையாடும் ஏழு வயதுப் பிள்ளைகள் ஓடியாடும் வளாகத்தில் இதற்கு இடம் தரலாகாது. இதைக் கூட்டத்தில் நான் கூறியபோது அத்தாயார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், தம் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தைச் சுற்றி வேலி இடப்போவதாகத் தெரிவித்தார். அன்றைய கூட்டத்தின் பெரும்பயன் அதுவே எனக் கருதுகிறேன்.

எங்கள் முடிவு

திடலின் ஓரத்தில், கட்டடங்களிலிருந்து விலகி, பெருங்கொன்றை ஒன்று. நுழைவாயிலில், வெயில் நன்கு படும் இடத்தில், கொன்றை ஒன்று. அது 10 முதல் 15 மீட்டர் வரையே வளரும் நடுத்தர மரமாதலால் வாயிலுக்குப் பொருந்தும். இரு வகை நட்டதால் நோயச்சமும் குறையும். கொன்றையின் நீண்ட காய்களுக்குள் உள்ள சதை பேதி மருந்தாகப் பயன்படுவது. ஆகவே, அதனைச் சுவைக்கலாகாது என மாணவர்களுக்கு முன்னரே அறிவுறுத்திவிட்டோம்.

நன்கு பூக்காதெனத் தெரிந்தும் கொன்றையை ஏன் நட்டீர்கள் என நண்பர் ஒருவர் வினவினார். கொன்றை வேந்தன் ஓதும் பிள்ளை ஒருமுறையேனும் கொன்றையைக் கண்ணால் காண வேண்டாவா? நீண்ட வெயிலுக்குப் பின் ஏதோ ஓர் ஆண்டில் அது பூக்கும். அன்று குறுந்தொகைத் தோழியின் சொல்லை விளக்க எனக்குக் கரும்பலகை வேண்டியிராது.

உங்கள் பள்ளியிலும் மரம் நட எண்ணினால், முதலில் அம்மண்ணையும் மழையையும் நோக்குங்கள். பின்னர் மாணவரின் பாதுகாப்பை எண்ணுங்கள். அதன்பின் நம் இலக்கியத்தைப் புரட்டுங்கள். மூன்றுக்கும் இசையும் மரம் எங்கேனும் ஒன்று இருக்கும்.