கரை இறங்காத கப்பல்



நம் தோட்டங்களில் முன்பெல்லாம் தலைப்பாகை அணிந்த சீக்கியக் காவலரை 'வங்காளி' என்றே அழைப்பார்கள். அவர் வங்காளி அல்லர், பஞ்சாபியர். வங்காளத்துக் கல்கத்தாவில் கப்பலேறி வந்ததால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது என்பர். அப்படி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து, குத்தகைத் தொழிலில் பொருள் ஈட்டியவர்களுள் ஒருவர் குர்தித் சிங். அவரைப் பற்றியதே இன்றைய பேச்சு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபியர் பலர் கனடாவின் மேற்குக் கரையில் மர ஆலைகளில் உழைத்து வந்தனர். அது அங்கிருந்த வெள்ளையருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இந்தியரும் பிரிட்டிஷ் பேரரசின் குடிகள்தாமே! 'இந்தியர் வரக்கூடாது' என்று வெளிப்படையாகச் சட்டம் எழுதுவது எப்படி? 1908-இல் ஒரு வழி கண்டனர். பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் தங்காமல், ஒரே பயணமாக வருவோர் மட்டுமே இறங்கலாம் என்றது விதி. இந்தியாவிலிருந்து அவ்வாறு வரப் பயணச்சீட்டே கிடைக்காதபடியும் பார்த்துக்கொண்டனர்.

குர்தித் சிங் 1914-இல் 'கோமகத்தா மாரு' என்ற ஜப்பானியக் கப்பலை வாடகைக்கு எடுத்தார். ஹாங்காங்கிலிருந்து புறப்பட்ட அக்கப்பல், வழியிலும் ஆள் ஏற்றிக்கொண்டு, மே 23-இல் வான்கூவரை அடைந்தது. 376 பயணிகள், 340 பேர் சீக்கியர், 24 பேர் முஸ்லிம்கள், 12 பேர் இந்துக்கள். முன்பே கனடாவில் குடியிருந்தோர் முதலிய சிலரைத் தவிர மற்றவர் இறங்க அனுமதியில்லை. இரண்டு மாதம் கரையைப் பார்த்தபடியே கிடந்தார்கள். உணவுக்கும் நீருக்கும் திண்டாட்டம். வான்கூவர்ச் சீக்கியர்கள் நிதி திரட்டிக் கப்பல் வாடகை கட்டினார்கள். வழக்கும் தொடுத்தார்கள், தோற்றது. ஜூலை 19-இல் போலீசார் இழுவைப் படகில் வந்து கப்பலில் ஏற முயன்றபோது, பயணிகள் நிலக்கரியை வீசி விரட்டினார்கள். பிறகு போர்க்கப்பலே வந்தது. ஜூலை 23-இல் கோமகத்தா மாரு திரும்பியது.

வழியில் முதல் உலகப் போர் மூண்டது. குர்தித் சிங் தொழில் நடத்திய சிங்கப்பூரில்கூட அவரை இறங்க விடவில்லை. செப்டம்பர் 29-இல் கல்கத்தாவை அடுத்த பட்ஜ் பட்ஜில் கரை சேர்ந்தவர்களைப் பஞ்சாபுக்குச் செல்லும் இரயிலில் ஏறுமாறு அதிகாரிகள் கட்டாயப்படுத்தினர். பலர் மறுத்தனர். துப்பாக்கிச் சூட்டில் ஏறத்தாழ இருபது பயணிகள் மாண்டனர். தப்பியோடிய குர்தித் சிங் 1921 வரை தலைமறைவாக வாழ்ந்தார்.

2016 மே 18-இல் கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர் ஜஸ்டின் துரூடோ இதற்கு மன்னிப்புக் கேட்டார். அப்போது அவருடைய தற்காப்பு அமைச்சர், பஞ்சாபில் பிறந்த சீக்கியரான ஹர்ஜித் சஜ்ஜன். 1914-இல் கப்பலைத் திருப்பி அனுப்பும் வேலையில் ஈடுபட்ட அதே படைப்பிரிவுக்குப் பின்னாளில் தலைமை தாங்கியவர் அவர்.