மைஹர் வாத்திய கோஷ்டி

சென்னையிலிருந்து பிரயாகைக்கோ காசிக்கோ ரயிலேறும் நம்மவர் பலர், ஜபல்பூரையும் கட்னியையும் கடந்தபின் வழியில் மைஹர் என்னும் சிறிய நிலையத்தைப் பார்த்திருப்பர். அவ்வூருக்கு அருகே உள்ள குன்றின்மேல் சாரதா தேவியின் ஆலயம் இருக்கிறது. ஏறுவதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. யாத்திரிகர் தேவியைத் தரிசித்துவிட்டு அடுத்த வண்டிக்கு விரைவர். அதே ஊரில், பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் கூட்டி ஒருவர் வாத்திய கோஷ்டி ஒன்றை உருவாக்கிய வரலாறு அவர்களில் பலருக்குத் தெரிந்திராது.

அவர் உஸ்தாத் அலாவுதீன் கான். பண்டித ரவிசங்கரின் குரு என்றும், சரோத் மேதை அலி அக்பர் கானின் தந்தை என்றும் உலகம் அவரை அறியும். அந்த இருவரும் புகழ் பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்னமே அவர் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆசானாக விளங்கினார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இன்று வங்காளதேசத்தில் உள்ள சிப்பூர் கிராமத்தில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே சங்கீதப் பித்தால் வீட்டைவிட்டு ஓடியவர். கல்கத்தாவில் நூலோ கோபால் என்னும் பாடகரிடம் ஸ்வர சாதகம் செய்தார். ஸ்வாமி விவேகானந்தரின் உறவினரான ஹாபு தத்தரிடம் வாத்தியங்கள் பயின்றார். லோபோ என்னும் பாண்டு மாஸ்டரிடம் மேனாட்டு முறையில் வயலின் கற்றார். பல வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது பிறக்கும் நாதத்தின் சுவை அப்போதே அவர் செவியில் புகுந்திருக்க வேண்டும்.

பின்னர் ராம்பூருக்குச் சென்றார். அங்கே தான்சேன் வழிவந்த வஸீர் கான் நவாபின் ஆசானாக வீற்றிருந்தார். அவருடைய வாயிலைக் கடப்பதே அரிதாயிற்று. மனமுடைந்த இளைஞர் நவாபின் வண்டிக்கு முன்னே போய் விழுந்தார் என்றும், நவாபின் தலையீட்டால்தான் சிஷ்யராக ஏற்கப்பட்டார் என்றும் சொல்லுவர். ஏற்ற பின்னும் குரு உடனே கற்பித்துவிடவில்லை. நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. இறுதியில் மனமிரங்கிக் கற்பித்தபோதும் ருத்ர வீணையை மட்டும் தம் குடும்பத்துக்கு வெளியே தர அவர் இசையவில்லை. வித்தை என்பது அக்கால உஸ்தாதுகளுக்குக் குலச் சொத்து. நிலத்தையும் நகையையும் போலவே அதையும் பிறருக்கு எழுதிக் கொடுப்பதில்லை. இதைக் குற்றமென்று கூறிவிடுவது எளிது. வேறு சொத்தில்லாத குடும்பங்களுக்கு அதுவே சோறு போட்டது என்பதையும் நாம் எண்ண வேண்டும்.

1918 அளவில் அலாவுதீன் கான் மைஹர் சமஸ்தானத்துக்கு வந்து சேர்ந்தார். மன்னர் பிரிஜ்நாத் சிங் அவரைக் குருவாக ஏற்றார். அது கொடிய காலம். இன்ஃப்ளூயென்ஸாக் காய்ச்சல் அவ்வாண்டில் இந்தியாவெங்கும் பரவி ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மைஹரிலும் கொள்ளைநோயில் பெற்றோரை இழந்து நின்ற பிள்ளைகளைத் திரட்டி, மன்னரின் ஆதரவோடு அவர் தொடங்கியதே 'மைஹர் பாண்டு'. அப்பிள்ளைகளுக்கு வம்சமும் இல்லை, சங்கீதப் பழக்கமும் இல்லை. ஒருவரிடம் பெறுவதற்குத் தாம் உயிரையே பணயம் வைத்த வித்தையை, கேட்கத் தெரியாத பிள்ளைகளை அழைத்து அவர் கொடுத்தார்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. நம் நாட்டுச் சங்கீதம், வடக்கிலும் சரி தெற்கிலும் சரி, ஒருவரது மனோதர்மத்தை நம்பி நிற்பது. பக்க வாத்தியக்காரர் முன்னவரின் நிழல்போல் தொடருவார். இருபது பேர் ஒரே வேளையில் கற்பனை செய்யப் புகுந்தால் விளைவது சந்தைக் கூச்சலே. மேனாட்டார் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் வெவ்வேறு ஸ்வரம் எழுதி அவற்றை இசைவிக்கிறார்கள். அம்முறையை அப்படியே கொண்டுவந்தால் ராகத்தின் உருவம் சிதையும். அலாவுதீன் கான் ராகத்தை விடவில்லை. கீர்த்தனைபோல் முன்னரே வரையறுத்த உருப்படிகளைத் தாமே இயற்றி, பெரும்பாலும் எல்லோரும் ஒரே இசைவரியை வாசிக்கும்படி அமைத்தார். பல ஸ்வரங்களின் கலப்பில் மேனாட்டார் தேடும் செழுமையை அவர் பல வாத்தியங்களின் குரல்களில் தேடினார். சிதார், சரோத், எஸ்ராஜ், தபலா இவற்றோடு வயலின், செல்லோ, கிளாரினெட், ஹார்மோனியம், பியானோ ஆகியனவும் அக்கோஷ்டியில் அமர்ந்தன.

அவற்றுள் விந்தையானது நல் தரங்கம். சமஸ்தானத்தின் பழைய துப்பாக்கிகளின் இரும்புக் குழல்களை வெவ்வேறு நீளத்தில் அறுத்து, சுருதி சேர்த்து, வரிசையாகக் கிடத்திக் கோலால் தட்டி வாசிப்பது அது. குழல் குறுகக் குறுக ஸ்தாயி உயரும். நம் ஜலதரங்கத்தில் கிண்ணத்து நீரைக் கூட்டியும் குறைத்தும் பெறுகிற ஸ்வரத்தை, இங்கே அரம் கொண்டு ஒரேமுறை அறுத்துப் பெற்றுவிடலாம். அதன்பின் சுருதி எளிதில் நகராது.

அவருடைய கண்டிப்பு பேர்போனது. தவறான ஸ்வரத்தை அவர் செவி பொறுக்காது. கையிலிருந்தது எதுவாயினும் பறக்கும் என்பர். தம் மகனையே மரத்தில் கட்டி அடித்தாரென்று அந்த மகனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மேதையின் கோபம் என்று இதைச் சிலர் போற்றுவதுண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. அடியால் வந்த சங்கீதத்தைவிட, அடியையும் மீறி வந்த சங்கீதமே அங்கு மிகுதி என்று நினைக்கிறேன். ஆயினும் அரண்மனைச் சிஷ்யருக்கு ஒரு பாடம், அனாதைப் பிள்ளைக்கு ஒரு பாடம் என்று ஸ்வரத்தின் தூய்மையில் அவர் பேதம் வைக்கவில்லை. ஆழ்ந்த ஆலாபனைக் கலை அவருடைய தனிச் சிஷ்யர்களுக்கே முழுமையாகச் சென்றது என்பதும் மெய். கோஷ்டிப் பிள்ளைகள் பெற்றது உருப்படிகளும், நல்ல கையும், ஒரு ஜீவனமும்.

அந்தக் கோஷ்டியின் ஒலி ரவிசங்கரின் காதிலும் தங்கியிருக்கும். 1938-இல் மைஹருக்கு வந்து குருகுலவாசம் செய்த அவர், 1949 முதல் 1956 வரை டில்லி வானொலியில் பணியாற்றியபோது அங்கே வாத்திய விருந்தத்தை நடத்தினார். கர்நாடக வயலின் வித்துவான் டி. கே. ஜயராம ஐயரும் அதனை நடத்தியவர். டில்லித் தமிழர்களுள் மூத்தோர் அதை வானொலியில் கேட்டிருப்பர்.

அரசர் போனால் அரண்மனைப் பாண்டும் போவதே வழக்கம். மைஹர் சமஸ்தானம் 1948-இல் விந்தியப் பிரதேசத்தில் இணைந்தது. 1956-இல் அது மத்தியப் பிரதேசமாயிற்று. கோஷ்டி கலையவில்லை, அரசாங்கத்தின் ஆதரவில் நீடித்தது. அலாவுதீன் கானுக்கு 1958-இல் பத்ம பூஷணும் 1971-இல் பத்ம விபூஷணும் வந்தன. அவர் மைஹரை விட்டுப் போகவில்லை. 1972 செப்டம்பர் 6-ஆம் நாள் மறைந்தார். பழைய பிள்ளைகள் முதியவராகி மறைய, அவர்கள் இடத்தில் அடுத்த தலைமுறையார் உட்கார்ந்தார்கள். அவர் நினைவாக மைஹரில் நடக்கும் இசை விழாவில் அந்தக் கோஷ்டி வாசிக்கிறது; துப்பாக்கிக் குழல்களும் அதில் உண்டு.